கூடுதலாய் ஒரு மார்க்

"இனிமே உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்" என்று சொல்லி, தோழி நீட்டிய டிபன் பாக்ஸைத் திருப்பித் தள்ளினாள் டீச்சர்.

இரண்டு பேரும் பதினோரு வருடமாக ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, வேலைக்குப் போகும் பெரியவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வுத் தாள்களைத் திருத்துகிறவர்கள். ஒருத்திக்குத் தலைவலி என்றால் இன்னொருத்தி மாத்திரை போட்டுக்கொள்வாள், அவ்வளவு ஒட்டு.

"என்னடி ஆச்சு? மேனேஜர் ரூம்லேருந்து வந்ததுலேருந்து உர்ருனு இருக்க."

"ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி கேக்காத. மொட்டைக் கடுதாசி போட்டது நீதானே?"

தோழி கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

விஷயம் இதுதான். டீச்சர் சாயங்காலத்தில் தனியாக ஆங்கில வகுப்பு ஒன்றும் எடுக்கிறாள். அதில் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் ஒருவர் படித்தார். இதே ஆங்கிலத் தேர்வில் பத்துக்கு ஐந்து மார்க் வாங்கினால் வார்டு உதவியாளர் ஆகலாம். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கோட்டை விட்டவர். நாலாவதும் போனால் வயது வரம்பு தாண்டிவிடும்.

தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனாலும் ஒன்பது மாதம் பார்த்த கையெழுத்து தெரியாமல் போகுமா? தெரிந்தவர் தாள் வந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். டீச்சர் கொடுக்கவில்லை. இரண்டாம் கேள்விக்கு அரைப் பக்கம் காலி. மனசு கேட்காமல் ஐந்து போட்டுவிட்டாள்.

அதே தாளை அடுத்துத் திருத்திய தோழி போட்டது நாலு. ஒரு மார்க் வித்தியாசம் என்றால் கூடுதலாக இருப்பதையே எடுத்துக்கொள்வார்கள். ஆள் பாஸ்.

"இதுக்கா அஞ்சு போட்ட?" என்று அன்றைக்கே தோழி கேட்டாள்.

"விடுடி, பாவம். என் கிளாஸ் ஆளு" என்றாள் டீச்சர்.

ஆக, விஷயம் தெரிந்த ஒரே ஜீவன் தோழிதான். இப்போது நாலு மாதம் கழித்து மேனேஜர் மேஜையில் தமிழில் டைப் அடித்த ஒரு பக்கம். தாள் எண், காலியாக விட்ட அரைப் பக்கம், அவர் யாருடைய மாணவர் என்பது வரை எல்லாம் புட்டுப் புட்டு வைத்திருந்தது. நாளையிலிருந்து டீச்சர் திருத்த வரக்கூடாது, விசாரணை.

"சத்தியமா நான் இல்லடி" என்றாள் தோழி. "எனக்குத் தப்புனு பட்டா உன் மூஞ்சிக்கு நேரா சொல்றவ நான். சொன்னேனே."

"பெரிய கெட்டிக்காரி நீ. இந்த ஆபீஸ்ல லீவ் லெட்டரைக்கூட இங்கிலீஷ்ல எழுதற நாம, இதை மட்டும் தமிழ்ல எழுதினா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கனு நெனச்சியா? கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே."

தோழியின் கண் கலங்கியது. அதைப் பார்த்தும் டீச்சருக்கு மனம் இரங்கவில்லை. நடிப்பு, சுத்த நடிப்பு. சிவப்பு மை பேனா, மூக்குக்கண்ணாடிக் கூடு, காபி டம்ளர் எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு படி இறங்கினாள்.

வாசலில் நின்றுகொண்டிருந்தார் அந்த ஆஸ்பத்திரிக்காரர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் குத்திய வார்டு உதவியாளர் அட்டை. மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"உங்களுக்கும் சேதி வந்துடுச்சா?" என்றாள் டீச்சர். "பயப்படாதீங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. என் தலையில எல்லாத்தையும் போட்டுக்கறேன்."

"டீச்சர், அந்த லெட்டரு..."

"யாரு எழுதினானு எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் ஒரே பாக்ஸ்ல சாப்பிட்டவ. முதுகுல குத்திட்டா."

"இல்ல டீச்சர். நான்தான் எழுதினேன்."

டீச்சர் அவர் முன்னால் போய் நின்றாள்.

"நீங்களா? உங்களுக்கு நான் என்னய்யா துரோகம் பண்ணேன்? சட்டத்தை மீறி உங்களைத் தூக்கி விட்டதுக்கு இதுதான் கூலியா?"

அவர் தலையைத் தூக்கவே இல்லை. தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"அரைப் பக்கம் காலியா விட்டும் பாஸானப்பவே நீங்க மார்க் போட்டுட்டீங்கனு புரிஞ்சுது டீச்சர். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிக்கு என்ன ஆச்சுனு நோட்டுல இங்கிலீஷ்ல எழுதணும் டீச்சர். போன வாரம் ஏழாம் பெட் அம்மா, மாத்திரை போட்டதும் தலை சுத்துது, நாக்கு குழறுதுனு எங்கிட்ட சொன்னாங்க. எனக்கு அதை எழுத வரல. யார்கிட்டயாவது கேட்டா, பாஸ் பண்ணவனுக்கு இது தெரியாதானு கேப்பாங்கனு வெக்கம். 'ஆல் ஓகே'னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

டீச்சர் பையைக் கீழே வைத்தாள்.

"அடுத்த ஷிஃப்டுல வந்தவங்க நோட்டைப் பாத்துட்டு அதே மாத்திரையைத் திரும்பக் கொடுத்திருக்காங்க. அந்த அம்மா இன்னும் கண்ணு முழிக்கல. ஆஸ்பத்திரியில நான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். ஆனா என்னை மாதிரி இன்னொருத்தன் பாஸ் ஆயிடக் கூடாதுனுதான் இங்கயும் எழுதினேன்."

"உங்க நல்லதுக்குத்தானேய்யா நான்..." என்றாள் டீச்சர்.

அவர் பாக்கெட்டில் இருந்த வார்டு அட்டையைக் கழற்றினார்.

"நீங்க என்னை ஃபெயில் ஆக்கியிருக்கணும், டீச்சர்."