இல்லாத போன்

"உங்க வூட்டுக்காரர் போட்டுல சாட்டிலைட் போன் கீதாம்மா?"

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார் அந்த ஆபீசர். கிறிஸ்டினா பயந்துகொண்டிருந்த கேள்வி அது. ஆனால் காசிமேட்டில் பிறந்து ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்டின்னா இன்னா சார்?"

"டவரே இல்லாத நடுக்கடல்லயும் பேசுமே, அது. நேரா மேல சாட்டிலைட்டுக்குப் போவும்."

"அத்தெல்லாம் சினிமாவுல பாத்ததோட சரி சார். எங்க போட்டுல வயர்லெஸ் செட்டு ஒண்ணு கீது. அதுவும் பாதி நேரம் கொர்ரு கொர்ருன்னுகினு கெடக்கும்."

பொய் தடையில்லாமல் வந்தது. வராமல் என்ன செய்யும்? அனுமதி இல்லாத சாட்டிலைட் போன் வைத்திருந்தால் ஜெயில். போன வருஷம் எண்ணூர்க்காரன் ஒருவன் அப்படித்தான் மாட்டி, இன்னும் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறான். முறைப்படி அனுமதி வாங்கலாமே என்றால், அதை எந்த ஆபீசில் கேட்பது என்பதே இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் அவள் புருஷன் வால்டர், கப்பலில் வேலை பார்க்கும் தோஸ்து ஒருவனைப் பிடித்து, துபாயிலிருந்து கமுக்கமாக வரவழைத்தான். அதுவும் கிறிஸ்டினாவின் நச்சரிப்பு தாங்காமல்தான். ஆழ்கடலுக்குப் போன புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் அவளால் தூங்க முடியவில்லை.

"எம் பேரு டில்லிபாபும்மா. ரேடியோ அலைவரிசைய யார் யார் உபயோகிக்கிறாங்கன்னு பாக்குற ஆபீஸ். நானும் இந்தப் பக்கந்தான், எம்.கே.பி. நகர். யாரையும் புடிக்க வரல. பயப்படாம சொல்லு."

பிடிக்க வருகிறவன் வேறு எப்படிச் சொல்வான்? ஊர்ப் பெயரைச் சொல்லிக் குழைவதைப் பார் என்று மனசுக்குள் கறுவினாள்.

"இல்லாதத கீதுன்னு எப்டி சார் சொல்றது?"

"இப்ப நாலு போட்டு கடல்ல கீது. அதுல ஏதோ ஒண்ணுலேர்ந்து அந்த போன் பேசிக்கீதுன்னு சந்தேகம். வெளிநாட்டு நம்பரு, யார் பேர்லயும் பதிவு இல்ல. எந்த போட்டுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

"தெரிஞ்சி இன்னா சார் பண்ணப் போற?"

அவர் தயங்கினார். "அத்த, போன் வச்சிக்கீறவங்க வூட்லதான் சொல்ல முடியும்."

தூண்டில் போடுவதை மீன்காரியிடமே காட்டுகிறாரே! கிறிஸ்டினாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். தினமும் காலையில் 'இருக்கேன்' என்று ஒரு வார்த்தை பேசிவிடும் வால்டர் இன்று பேசவில்லை. மனுஷன் விவரம்தான், எப்படியோ மோப்பம் பிடித்து போனை அணைத்து வைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

டில்லிபாபுவின் பார்வை அலமாரிமேல் கிடந்த தடித்த சார்ஜரில் போய் நின்றது.

"அது இன்னாம்மா?"

"எங்க மாமியாரு காது மிஷினுக்கு."

"ஆமா சார், அத்த சார்ஜ் போடலன்னா கெய்விக்கு இடி வுழுந்தாகூட கேக்காது" என்று பக்கத்து வீட்டு ஞானம் கூப்பிடாமலே வந்து கைகொடுத்தாள். மாமியாரை அடக்கம் செய்தபோது முன்னால் நின்று அழுதவளே அவள்தான். ஆபீசர் என்று யார் வந்தாலும் தெருவே சேர்ந்து ஒரே பதில் சொல்லும், அது இங்கே எழுதாத சட்டம்.

"நல்லா யோசிச்சி சொல்லும்மா. மத்த மூணு வூட்லயும் இல்லன்ட்டாங்க. உன் வூடுதான் கடைசி."

"மாதா சத்தியமா சொல்றேன் சார், எங்க போட்டுல அந்த போன் இல்ல. போதுமா?"

சொன்ன கையோடு மாதாவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். புருஷனைக் காப்பாற்றச் சொன்ன பொய், மாதாவுக்குத் தெரியாதா என்ன?

டில்லிபாபு தெருமுனைவரை நடந்துபோய், யாருக்கோ போன் போட்டு இரண்டு நிமிஷம் பேசினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்த இறுக்கத்தையே காணோம். தோற்றுப்போன ஆபீசர் இப்படியா சிரிப்பார்? கிறிஸ்டினாவுக்குச் சந்தேகம் தட்டியது.

"இப்பவாவது சொல்லு சார், இன்னா மேட்டரு?"

"இனிமே உன்கிட்ட சொல்றதுக்கு இன்னாம்மா. விடிகாலைல அந்த போன்லேர்ந்து கண்ட்ரோல் ரூமுக்கு ஒரு ஆளு பேசினாரு. 'போட்டு முழுகுது, காப்பாத்துங்க'ன்னாரு. எந்த போட்டு, எந்த எடம்னு சொல்றதுக்குள்ள கட்டாயிடுச்சி. சும்மா சொல்லி நாலு வூட்டையும் பதற வைக்கக் கூடாதுன்னுதான் வாய மூடிக்கினு இருந்தேன். உன் வூட்டுக்காரர் போட்டுல போன் இல்லன்னு நீ சத்தியம் பண்ணப்புறந்தான் எனக்கு மூச்சே வந்திச்சி. நாலு வூட்லயும் இல்லன்னா, அது எவனோ வெளையாட்டுக்குப் பண்ண போன்தான். அவரு போன பக்கமா தேடிக்கினு இருந்த கப்பல, இப்பத்தான் திரும்பி வந்துடச் சொன்னேன்."