தொண்ணூற்று நாலு கிலோ

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், இருபது பெண்களுக்கு நடுவே ஒரே ஆம்பளையாக ஆகாஷ் இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் நின்ற வினோதா அவன் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. பார்த்தவர்கள் என்னவோ நினைத்துக்கொண்டு போனார்கள்.

நினைத்துவிட்டுப் போகட்டும். அவன் அவளுடைய கொழுந்தன். அவன் உடம்பில் பத்து கிலோ இறங்கினால்தான் அவள் கழுத்தில் தாலி நிலைக்கும்.

வினோதாவின் கணவர் சந்திரமோகனுக்குக் கல்லீரல் கெட்டுப் போயிருந்தது. மாற்றி வைக்க இவளுடைய ரத்த வகை சேரவில்லை. தம்பி ஆகாஷுடையது சேர்ந்தது. "ஆனா தம்பிக்குக் கல்லீரல்ல கொழுப்பு இருக்கும்மா. மூணு மாசத்துல பத்து கிலோ குறைச்சிட்டு வரட்டும், ஒரு துண்டு எடுத்து வச்சிடலாம்" என்றார் டாக்டர்.

அன்றைக்கே பொன்னேரியில் இருந்த ஃபிட்னெஸ் ஸ்டுடியோவில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். திங்கள் ஸும்பா, செவ்வாய் யோகா, புதன் கிக் பாக்ஸிங், அப்புறம் சைக்கிள், ஸ்டெப் என்று அங்கே இருந்த ஒன்றையும் விடவில்லை. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துக் கண் சிவந்து வருகிறவன், ஒரு மணி நேரம் குதித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அப்பா போன பிறகு தோளில் தூக்கி வளர்த்த அண்ணனுக்காக இதுகூடச் செய்யமாட்டானா என்று வினோதாவுக்கு மனசு நிறைந்திருந்தது.

எடை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. சேர்ந்த அன்று தொண்ணூற்று நாலு. பத்து வாரம் கழித்தும் அதே தொண்ணூற்று நாலு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் படுக்கையில் இருந்தபடியே சந்திரமோகன் கேட்பார். "இன்னா காட்டுது மிஷினு?"

"அதேதாங்க."

"வுடு, நடக்கறது நடக்கும்" என்பார். அன்றைக்கு மட்டும் ஒரு இட்லி கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். நமக்குத் தைரியம் சொல்லத்தானே இப்படிச் செய்கிறார் மனுஷன் என்று, அடுப்படியில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுவாள் வினோதா.

இன்னும் பன்னிரண்டே நாள் பாக்கி. நேற்று ஸ்டுடியோ மாஸ்டர் எட்வர்ட் போன் செய்தார். "அக்கா, தம்பி ஒரு கிளாஸ் விட்டது கெடையாது. இந்த ஆட்டத்துக்கு ஆனையே எளைச்சிருக்கும். வெளியில இன்னா துன்றாருன்னு கொஞ்சம் பாருங்க."

அதற்காகத்தான் இன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். வகுப்பு முடிந்ததும் படிக்கட்டு மறைவில் ஒதுங்கிக்கொண்டு, அவன் பைக்கைக் கிளப்பியதும் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனாள்.

பைக் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஸ்டேஷன் ரோட்டில் ஒரு டிபன் கடை முன்னால் நின்றது. நேற்று சாயங்காலம் அவள் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொடுத்த முளைப்பயறு டப்பாவைத் திறந்து, வாசலில் நின்ற ஆட்டுக்கு அப்படியே கொட்டிவிட்டு உள்ளே போனான் ஆகாஷ்.

அவள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நுழைந்தபோது, அவன் இலையில் எண்ணெய் மினுங்கும் பூரி ஆறு, ஒரு கிண்ணம் வடகறி, பக்கத்தில் நெய் ரோஸ்ட். பாதி காலியாகியிருந்தது.

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே!

"நல்லா கீதா, ஆகாஷ்?"

வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. "அண்ணி..."

"அப்டிக் கூப்டாத. உள்ள குதிக்கற மாதிரி குதிச்சிட்டு, வெளியில வந்து இத்த துன்றியா? ஒரு துண்டு ஈரல் குடுக்க மனசில்லன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. வேற யார் கால்லனா போய் வுழுந்திருப்பேன். நாளு பூடுச்சேடா! இனிமே நான் எங்க போவேன்?"

கடைக்காரர் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். பக்கத்து மேசைக்காரர் தோசையை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார். வினோதா யாரையும் லட்சியம் செய்யவில்லை.

"உன்னைத் தூக்கி வளத்தவரு அங்க மஞ்சளா சுருண்டு கெடக்கறாரு. நீ இங்க குந்திகினு வடகறி துன்றே. புதுப் பொண்டாட்டி சொல்லிக் குடுத்தாளா? காயத்ரி வேலைதானே இது?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி. நானும் ஆஸ்பத்திரிக்கு வந்து கையெழுத்துப் போடறேன்னு அவதான் சொல்லிகினு கீறா."

"அப்போ உனக்குத்தான் பயம்."

இல்லை என்று தலையாட்டினான். அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "ஒரு வாய்கூடத் தொண்டையில எறங்கல அண்ணி. தெனிக்கும் அழுதுகினுதான் துன்றேன். துன்னே ஆவணும்னு சத்தியம் வாங்கிகினாங்க."

"உன் வயித்துல கத்தி படக் கூடாதுன்னு உன்னைத் துன்ன வெச்சது யாரு? எந்தப் பாவி? சொல்லுடா!"

ஆகாஷ் எச்சில் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணன்தான், அண்ணி."