விதிப்படி மூழ்குவேன்

ஏரியில் பாய்மரப் படகுப் போட்டி. கவிழ்ந்தவர்களைக் கரை சேர்க்கும் பொறுப்பு ஆமையுடையது. எலியின் படகு குப்புறக் கவிழ்ந்ததும் ஆமை விழுந்தடித்துக்கொண்டு நீந்திப்போய், "முதுகில ஏறுடா" என்றது.

படகின் அடிப்பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த எலி அலறியது: "கிட்ட வராதே! அடுத்தவங்க உதவி வாங்கினா போட்டியிலேர்ந்து நீக்கிடுவாங்க. விதி அப்படி!"

"மூழ்கிப் போயிடுவடா!"

"மூழ்கினாலும் விதிப்படிதான் மூழ்குவேன்."

ஆமைக்குப் பொறுமை போயிற்று. அப்போதுதான் எலியின் வெறும் மார்பைக் கவனித்தது.

"உன் லைஃப் ஜாக்கெட் எங்கேடா?"

"கனமா இருந்துச்சு. கரையிலேயே கழட்டிப் போட்டுட்டேன்."

"அது இல்லாம கிளம்பினப்பவே உன்னை நீக்கியாச்சுடா. அதுவும் விதிதான்!"

எலி ஒரே தாவலில் ஆமையின் முதுகில் ஏறிக்கொண்டு எரிந்து விழுந்தது: "இதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? அநியாயமா செத்திருப்பேனே!"