போர்பன் கொம்பனி

“அம்மா, அங்க தாறதுகளைக் கண்டபாட்டுக்குக் குடிச்சுப்போடாதேங்கோ. உங்களுக்கெண்டு அப்பிள் ஜூஸ் சொல்லியிருக்கிறன்.”

மெட்ரோ ஏறியதிலிருந்து பிரணவன் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“ஓமடா தம்பி. பிஸ்கட் திண்டால் தண்ணி விடாய்க்கும்தானே” என்றாள் பாலாம்பிகை.



எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. கலியாணப் பேச்சின்போது, வினோஜாவுக்கு எங்கே வேலை என்று அம்மா கேட்டாள். “போர்பன் கொம்பனியில” என்றான். “பிஸ்கட் கொம்பனியோ?” என்று அம்மா கேட்டதும், “ஓம்” என்றுவிட்டான். ஊரில் போர்பன் என்றால் நடுவில் சொக்கிளேட் வைத்த பிஸ்கட்தானே.

உண்மையில் அது விஸ்கி வடிசாலை. எந்தப் போர்பன் விஸ்கிக்கு எந்தச் சாப்பாடு பொருந்தும் என்று மணந்து பார்த்து, சுவைத்துச் சொல்வது வினோஜாவின் வேலை. இன்றைய விருந்து முழுவதும் அவள் அமைத்தது. அவளுடைய பெயரில் நடக்கும் முதல் விருந்து.

“மருமகளின்ர விருந்துக்கு மாமி போகாட்டி ஆர் போறது?” என்று அம்மா வெளிக்கிட்டுவிட்டாள்.

காலையில் வினோஜா முடிவாகச் சொல்லியிருந்தாள்.

“இண்டைக்கு மாமியின்ர மேசைக்கு வருவன். என்ன வேலை செய்யிறனெண்டு என்ர வாயாலயே சொல்லுவன்.”

“உமக்கென்ன விசரே? அம்மா தாங்கமாட்டா. கோயில் சனம் வேற.”

“எவ்வளவு காலத்துக்கு இந்தப் பிஸ்கட்டைச் சுடப்போறீங்கள்?”

கோயில் நிர்வாகசபையில் அவனும் இருந்தான்.

வடிசாலைக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு மேசையாகப் பார்த்தான். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் மூச்சு வந்தது.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மரப்பீப்பாய்கள் கூரைவரை அடுக்கியிருந்தன.

“அதுகளுக்குள்ள என்ன தம்பி?”

“மா அம்மா. பிஸ்கட் மா.”

“மரப்பீப்பாயில வைச்சால் வண்டு பிடிக்காதோ?”

“கனடாவில பிடிக்காது.”

பரிசாரகன் “பொன்சுவார்” என்று மாலை வணக்கம் சொல்லி முதல் தட்டை வைத்தான். பிரணவனுக்குப் புகையூட்டிய மீன். சைவக்காரியான அம்மாவுக்கு இனிப்பான மேப்பிள் பாணி ஊற்றி வாட்டிய பூசணி. அம்மாவின் சின்னக் கிளாசில் அப்பிள் ஜூஸ். அவனுடையதில் போர்பன். இரண்டும் ஒரே நிறம்.

“இவ்வளவு பெரிய தட்டில இவ்வளவுதானோ? கோயில் பிரசாதம் இதைவிடக் கூட” என்றவள், ஒரு வாய் வைத்ததும் பேச்சை நிறுத்தினாள். தட்டில் ஒட்டியிருந்த பாணியையும் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டாள்.

“கைப்பக்குவம் இருக்கு, என்ன?”

அவனுக்கு மீனின் சுவையே தெரியவில்லை. வினோஜா எங்கே நிற்கிறாள் என்று பார்ப்பதும், கிளாசை வாயில் கவிழ்ப்பதுமாக இருந்தான். அடுத்த தட்டோடு அடுத்த போர்பன் வந்தது. அதையும் ஒரே மடக்காகக் குடித்தான்.

“அப்பிள் ஜூஸை மெல்லக் குடி தம்பி. கண் சிவக்குது.”

அவனுக்குப் புரைக்கேறியது.

அதற்குள் வினோஜா நடுவில் வந்து மைக்கைப் பிடித்துப் பிரெஞ்சில் பேசினாள். சபை சிரித்தது, பிறகு கைதட்டியது. விளங்காவிட்டாலும் பாலாம்பிகையும் பலமாகத் தட்டினாள்.

“என்னவாம்?”

“பிஸ்கட்டைப் பற்றித்தான்.”

மைக்கைக் கொடுத்துவிட்டு வினோஜா நேரே அவர்களுடைய மேசையை நோக்கி வந்தாள். பிரணவன் பாய்ந்துபோய்ப் பாதி வழியில் மறித்தான்.

“நில்லும். இப்ப வேண்டாம், வீட்ட போய்ப் பேந்து கதைப்பம்.”

“உங்கட பேந்து எப்ப வரும்? ஊர்பேர் தெரியாத சனமெல்லாம் எனக்குக் கைதட்டுது. சொந்த மாமிக்கு முன்னால நான் ஒளிக்க வேணுமோ?”

“அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறன். ஒரு நிமிசம் பொறும்.”

கடைசித் தட்டு இன்னும் வரவில்லை. அவன் ஓடிப்போய் வாசலில் தொங்கிய அம்மாவின் குளிர்ச்சட்டையை இழுத்தெடுத்தான். இழுத்த வேகத்தில் வேறு யாருடையதோ தொப்பி கீழே விழுந்தது. அதை எடுத்து மாட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது, அவனுடைய கதிரையில் வினோஜா இருந்தாள். இருவரும் அவனுக்கு முதுகுகாட்டி இருந்தார்கள்.

“மாமி, உங்களிட்டை ஒரு பொய் சொன்னனாங்கள். இது பிஸ்கட் கொம்பனி இல்லை. இது வந்து…”

“தெரியும் பிள்ளை.”

குளிர்ச்சட்டையோடு பிரணவன் அப்படியே நின்றான்.

“உன்ர மாமாவோட குடும்பம் நடத்தினவளுக்கு இந்த மணம் தெரியாதோ? நீ வந்த புதுசில உன்ர வேலைச் சட்டையைத் தோய்க்கேக்கையே தெரியும். அந்த மனுசன் குடிச்சு அழிச்சார். நீ படிச்சு உழைக்கிறாய். எனக்கு வித்தியாசம் தெரியும்.”

வினோஜா கண்ணைத் துடைத்தாள்.

“அப்ப ஏன் மாமி இவ்வளவு நாளும் ஒண்டும் கேக்கேல்ல?”

பாலாம்பிகை மருமகளின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

“வெக்கம் எனக்கில்லைப் பிள்ளை, உன்ர மனுசனுக்கு. அது தெளியட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”