ஃப்ரூமா என்ற பெயர்

புலவாயோ நகரின் யூத முதியோர் இல்லத்தில் அன்று மூத்தவர்களைக் கௌரவிக்கும் விழா. தொண்ணூறு வயது ஃப்ரூமாவுக்காகச் சபையார் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் கண் வாசலிலேயே இருந்தது.

"தபால் வந்துச்சா, தண்டேகா?"

"மூணு வருஷமா எழுதாதவர் இன்னிக்கா எழுதப்போறார்? கேக் சாப்பிடுங்கம்மா," என்றாள் புதிதாகச் சேர்ந்திருந்த நர்ஸ்.

"அவ்ரம் எழுதுவான். தாயில்லாப் பிள்ளைய வளர்த்த அத்தை நான்."

"நீ வளர்த்த அழகுலதான் ஆஸ்திரேலியா வரைக்கும் ஓடிட்டான்," என்று பக்கத்து நாற்காலி யோசல் சீண்டினார். ஃப்ரூமாவும் சிரித்தாள்.

சற்று நேரத்தில் வந்த தபால்கட்டில் மெல்போர்ன் யூதச் சபையின் மாதப் பத்திரிகை இருந்தது. புரட்டிய தண்டேகா கூவினாள்.

"அம்மா! உங்க அவ்ரமுக்குப் பொண்ணு பொறந்திருக்கு! பேரு ஃப்ரூமாவாம்! 'என்னை வளர்த்த அத்தையின் பெயர்'னு போட்டிருக்காரு!"

அவள் மட்டும் கைதட்டினாள். பாட்டு நின்றுவிட்டது.

"என்னாச்சு? எவ்வளவு பெரிய மரியாதை இது!"

யோசல் தலைநிமிராமல் சொன்னார்: "எங்க வீடுகள்ல உயிரோட இருக்கிறவங்க பேரைக் குழந்தைக்கு வைக்க மாட்டோம்மா. செத்தவங்க பேரைத்தான் வைப்போம்."

ஃப்ரூமா பத்திரிகையை வாங்கித் தன் பெயரை விரலால் தடவினாள். குழந்தை பிறந்த சந்தோஷமாவது வரட்டும் என்று காத்திருந்தாள். அது வரவில்லை.

"நான் என்னிக்குச் செத்தேன்னு போட்டிருக்கானா, பாரு தண்டேகா," என்றாள். "செத்தவங்களுக்கு வருஷாவருஷம் அந்தத் தேதியில விளக்கேத்தணும். அவன் மறதிக்காரன்."