சுவரோரம் ஓர் அறை

வீட்டுக்காரம்மா பக்கவாட்டில் ஓர் அறை கட்ட மேஸ்திரியிடம் எஸ்டிமேட் கேட்டார். அந்தச் சுவரோரம் மண்ணைத் தோண்டினால் மேஸ்திரியின் கதை கந்தல். தொகையைப் பார்த்தே அம்மா பின்வாங்கட்டும் என்று எல்லாவற்றையும் இரண்டு மடங்காக எழுதி நீட்டினார்.

“என்ன மேஸ்திரி, நான் அறையா கேட்டேன், அரண்மனையா?”

“தோண்டுற கூலியே எகிறிப்போச்சும்மா. பேசாம விட்டுடுங்க.”

அம்மா யோசித்தார். மேஸ்திரிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

“சரி, தோண்டவே வேணாம். மாடியில ஒரு அறை எடுத்துடுங்க. பிள்ளைங்க அங்க படுத்துக்கட்டும்.”

“மாடியா? கீழே தாங்கணுமேம்மா.”

“தாங்காம என்ன? நாலடி ஆழத்துல அஸ்திவாரம் போட்டதே நீங்கதானே?”

அன்று மேஸ்திரி தோண்டியது ஒன்றரை அடிதான்.