கட்டைச் சத்தம் நின்ற நாள்

மாட்டுவண்டியை விட்டு இறங்கும்போதே சின்னதுரை மேஸ்திரி காதைத் தீட்டிக்கொண்டார். மிஷன் கோயில் மேலே தளம் அடிக்கிற கட்டைச் சத்தம் கேட்கவில்லை.

உள்ளே போனால், குப்பத்துப் பெண்கள் புளியமரத்து நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டைகள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன.

மேஸ்திரிக்கு ரத்தம் தலைக்கேறியது.

இரண்டு நாளாக மெட்ராஸில் மிஷன் மேலிடத்து ஆட்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷன். நூறு வருஷக் கோயிலை இடித்துவிட்டு, ஷீட் போட்டு ஒரு ஷெட்டு கட்டிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கட்சி. கல் சுமந்து ஆளானவர் மேஸ்திரி. சூளைக்காரனிடமும் மரக்கடைக்காரனிடமும் பேரம் பேசியே பிழைத்தவர். விடுவாரா? ஊரே கூடித் தளம் போடுகிறது, அடுத்த ஞாயிறு வந்து பாருங்கள், ஒரு சொட்டு ஒழுகினாலும் நானே கடப்பாறை எடுத்துத் தருகிறேன் என்று அடித்துப் பேசி, தவணை வாங்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் ரயில் இறங்கி நேரே வருகிறார்.

வந்து பார்த்தால் இந்தக் கோலம்.

சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து மேலே கொட்டியாயிற்று. அதை அடித்து இறுக்காமல் சித்திரை வெயிலில் காயவிட்டால் அத்தனையும் வெறும் மண். சுண்ணாம்பு சுடுகிற கிளிஞ்சலுக்கும் செங்கல்லுக்கும் மறுபடி ஊர் ஊராகப் போய்க் கையேந்த முடியாது. கோயில் போனது போனதுதான்.

கொத்தனார் அரசப்பன் ஓடிவந்தான். "அண்ணே, மொதல்ல ஊட்டுக்குப் போயி மூஞ்சி கழுவிக்கினு வாங்க. அப்பால பேசலாம்."

"ஊட்ல எனக்கு இன்னா வேலை? இவளுங்க ஏன் குந்திக்கினு கீறாளுங்க, அதச் சொல்லு."

அவன் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி மரத்தடிக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண்கள் கூலிக்கு வந்தவர்கள் இல்லை. அறுபத்தாறாம் வருஷப் புயலில் குப்பமே இந்தக் கோயிலுக்குள் ஒண்டிக்கொண்டு உயிர் பிழைத்தது. அதை மறக்காமல், ஏரியில் கிளிஞ்சல் வாரிக் கொடுத்ததோடு நிற்காமல், தாங்களே கட்டையையும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். இதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரியும். ஆனால் கோபம் வந்துவிட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது. கூலி இல்லாத வேலையின் லட்சணம் இதுதான் என்றார். முதல் நாள் பாட்டு, மறுநாள் தூக்கமா என்றார். கடைசியில், சொல்லக் கூடாததையும் சொன்னார்.

"உங்க கெங்கையம்மன் கோயிலுன்னா இப்பிடிக் கட்டையப் போட்டுட்டுக் குந்துவீங்களா? எங்க கோயிலுதானன்னு எளக்காரம்."

வெற்றிலை மென்ற வாய்கள் அப்படியே நின்றன. அவர்களில் மூத்தவளான எல்லம்மா மட்டும் எழுந்து கிட்டே வந்தாள்.

"அம்மா வார்த்திருக்கு நைனா. பக்கத்து ஊட்ல ஒரு கொழந்தைக்கு மேலெல்லாம் முத்து. அந்த ஊட்டாண்ட நாங்க ஒலக்கையக்கூடத் தொட மாட்டோம். வெள்ளிக்கெழம மூணாந் தண்ணி ஊத்தி அம்மாவ எறக்கட்டும். ஊத்துன கையோட குப்பமே வந்து அடிச்சிக் குடுக்கறோம்."

மேஸ்திரி கையை உதறினார். கர்த்தருடைய வேலைக்கு நடுவில் அம்மையாம், சத்தமாம், நல்ல சாக்கு என்றார்.

"எவன் ஊட்டுக் கொழந்தைக்கோ கொப்புளம் வந்தா என் கோயிலு பாழாவணுமா? எவன் அவன்? வரச்சொல்லு. கொழந்தயத் தூக்கிக்கினு வேற எங்கனா போவட்டும். நான் பேசிக்கறேன்."

எல்லம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாழானது எவ்வளவு என்றாவது பார்ப்போம் என்று மேஸ்திரி ஏணியில் ஏறினார்.

கலவை காயவில்லை. தளம் முழுக்க ஈரச் சாக்கு விரித்திருந்தது. இரண்டு பெண்கள் இடுப்புக் குடத்திலிருந்து தண்ணீரைக் கையால் அள்ளித் தெளித்துக்கொண்டே மெள்ள நகர்ந்தார்கள். வெயிலில் முகம் கறுத்துப்போயிருந்தது. விடிந்ததிலிருந்து முறை வைத்துக்கொண்டு மேலே ஏறி இறங்குகிறார்கள் போல. மரத்தடியில் இருந்தவர்கள் முறை முடிந்து இறங்கியவர்கள்.

மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். ஒருத்தி சட்டென்று உதட்டில் விரலை வைத்து, மதிலுக்கு அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

அந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு வீடு. அவர் தனக்கென்று கல் கல்லாய்ப் பார்த்துக் கட்டிய வீடு. வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. முந்தாநாள் அவர் கிளம்பும்போது வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்து கையாட்டினாளே சின்ன மகள் எஸ்தர், அவளுடைய பாவாடை கொடியில் தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது.

மேஸ்திரியின் கை ஏணியைப் பிடித்தது, பிடித்தபடியே நின்றது.

பின்னாலேயே ஏறி வந்த எல்லம்மா, அவர் காதருகே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அந்த ஊட்டுக்காரன் வந்துட்டான் நைனா, நீயே பேசிக்க. ஆனா மெல்லமாப் பேசு, புள்ள இப்பத்தான் கண்ணசந்துது."